சத்தம் போடாத பம்பு

மலேசியாவில் கோப்பெங் பக்கம் மூடிப்போன ரப்பர் தோட்டம் ஒன்றில் இன்னும் நாற்பது வீடுகள் இருக்கின்றன. ரப்பர் மரங்கள் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்டாலும், மலையிலிருந்து இறங்கும் ஆற்றுத் தண்ணீர்தான் இன்றைக்கும் குடிதண்ணீர். அதைத் தொட்டியில் தேக்கி, குளோரின் மருந்து கலந்து வீடுகளுக்கு விடுகிறவர் தனேஸ்வரன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பதினெட்டு வருடமாக அந்தத் தகரக் கொட்டகைதான் அவருக்கு ஆபீஸ்.

மருந்தைக் குழாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவதற்கு ஒரு சின்னப் பம்பு. ‘டக், டக்’ என்று அடித்துக்கொண்டே இருக்கும். வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாலும் அந்தச் சத்தம் அவர் காதில் விழும். தினமும் காலையில் ஒரு குப்பி தண்ணீரில் மாத்திரை போட்டுப் பார்ப்பார். ரோஸ் நிறம் வந்தால் மருந்து சரி. அதைப் புத்தகத்தில் எழுதி வைப்பார்.

இந்த வாரம் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மகள் ஷாமினிக்குப் பெண் குழந்தை. சித்தியவானில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். முப்பதாம் நாள் சடங்கு கழிந்து ஞாயிற்றுக்கிழமை பேத்தி இங்கே வருகிறாள். எதிரே வந்தவர்களிடமெல்லாம் கைப்பேசியை நீட்டினார்.

“மூக்கப் பாருலா! அப்படியே காளியம்மா மூக்கு!”

காளியம்மா அவர் மனைவி. போன வருடம் தைப்பூசம் முடிந்த வாரத்தில் செத்துப்போனாள்.

புதன்கிழமை பழைய பம்பு நின்றுவிட்டது. ஈப்போவிலிருந்து கடைக்காரர் கனகராஜ் மூன்று பம்புகளைக் கொண்டுவந்து கொட்டகை மேசையில் வைத்தார். குடியிருப்புத் தலைவர் மகேந்திரனும் வந்தார்.

“இது பிஸ்டன். நல்லா தம் கட்டித் தள்ளும். ஆனா குளோரின் இதோட வாஷரத் தின்னுரும், ஒழுகும்” என்றார் கனகராஜ். “இது டயாப்ரம், ஒங்க பழசு மாதிரி. உள்ளார ரப்பர் தகடு முன்ன பின்ன அடிக்கும். இது டியூப் பம்பு. உருளை சுத்திச் சுத்தி டியூப்ப நசுக்கி மருந்தத் தள்ளும். மூனு மாசத்துக்கு ஒருக்கா டியூப் மாத்தணும், அதான் தொல்ல.”

“பழசு மாதிரியே எடுத்துருவோம்லா, வெலயும் மூரா, கொறச்சல்தான்” என்றார் மகேந்திரன். “இந்த டியூப்பு என்னா, கோவிச்சுக்கிட்ட பொண்டாட்டி மாதிரி கம்முன்னு சுத்துது! நம்ம அண்ணனுக்குச் சத்தம் இருந்தாப் போதும்.”

தனேஸ்வரன் சிரிக்கவில்லை. “டயாப்ரம் வேணாம். வெயில் காலத்துல மருந்துல காத்துக் குமிழி கட்டும்.”

“உண்மதான்” என்றார் கனகராஜ். “குமிழி பம்பு தலைக்குள்ள பூந்துட்டா அதுபாட்டுக்கு அடிச்சிக்கிட்டு இருக்கும், மருந்து போகாது. டியூப் பம்பு குமிழியயும் சேத்துத் தள்ளிரும். ஆனா தெனம் கலர் பாத்தாத் தெரிஞ்சிருமேண்ணே?”

“அண்ணன் புத்தகத்துல ஒரு நாள் விட்டதில்ல” என்றார் மகேந்திரன்.

தனேஸ்வரன் மேசையைப் பார்த்தபடி நின்றார். தலையை ஆட்டினால் போதும், பேச்சு அதோடு முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பேத்தி வாயில் படப்போவது இந்தத் தண்ணீர்.

“நான் பாக்கலலா” என்றார். “போன வருசத் தைப்பூசத்துக்கு ஈப்போவுல தண்ணிப் பந்தல் போட்டோமே, அந்த நாலு நாளும் நான் கலர் பாக்கல. காலையில போவேன், பம்பு அடிக்கிற சத்தம் கேக்கும். சரின்னு எழுதிட்டுப் பஸ் ஏறிருவேன். அஞ்சாம் நாள் பாத்தா, டப்பாவுல மருந்து எறங்கவே இல்ல.”

“அந்த வாரந்தான அக்காவுக்கு…” என்று ஆரம்பித்த மகேந்திரன் வாயை மூடிக்கொண்டார்.

காளியம்மா கல்யாணமான நாளிலிருந்து தண்ணீரைக் காய்ச்சித்தான் குடித்தாள். “ஊரே நான் மருந்து போட்ட தண்ணியக் குடிக்குது, என் பொண்டாட்டி காய்ச்சிக் குடிக்கிறாளாம்! மானம் போகுது” என்று ஒருநாள் இவர் கத்தினார். மறுநாளிலிருந்து அடுப்பில் பானை ஏறவில்லை. அந்தத் தைப்பூச வாரத்தில் ஊரில் நாலைந்து பேருக்கு வயிற்றால் போனது. பந்தல் சாப்பாடு என்றார்கள். எல்லாரும் எழுந்துவிட்டார்கள். இனிப்புநீர், சர்க்கரை வியாதி இருந்த காளியம்மா மட்டும் எழவில்லை.

டியூப் பம்பே போதும் என்று முடிவானது. மகள் மற்றவர்கள் வாயிலிருந்து கேட்பதற்குள் தானே சொல்லிவிட வேண்டும் என்று தனேஸ்வரன் அன்றைக்கே ஷாமினியை அழைத்தார். எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பக்கம் குழந்தை சிணுங்குவது மட்டும் கேட்டது.

“அம்மாவுக்குத் தெரியுமாப்பா?”

“தெரியாதும்மா. ஆஸ்பத்திரித் தண்ணி புடிக்கல, நம்ம வீட்டுத் தண்ணி கொண்டாங்கன்னு கேட்டா.”

“கொண்டு போனீங்களா?”

“துணி எடுக்க வந்தப்பத்தான் டப்பாவப் பாத்தேன். கடையில போத்தல் தண்ணி வாங்கிட்டுப் போயி, வீட்டுத் தண்ணின்னு சொல்லிக் குடுத்தேன். இதுதான் நல்லாருக்குன்னு குடிச்சா.”

ஷாமினி போனை வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை புதுப் பம்பு ஓடத் தொடங்கியது. வாசலில் உட்கார்ந்தால் ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நிறம் பார்த்தார். ரோஸ். இன்னொரு தடவையும் பார்த்தார். பிறகு காளியம்மாவின் பானையைக் கழுவி, தண்ணீர் காய்ச்சி ஆற வைத்தார். வருவார்களா என்று தெரியாது.

பத்து மணிக்குக் கார் வந்தது. மருமகன் இரண்டு பெட்டி போத்தல் தண்ணீரை இறக்கி அடுப்படியில் வைத்தார். ஷாமினி குழந்தையோடு நேராக அம்மா படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

“அம்மாவுக்குக் காட்டத்தான் வந்தேன்” என்றாள், திரும்பாமலே.

கொஞ்ச நேரம் கழித்து அவர் பக்கம் வந்தாள். “கழுத்தப் பாத்துப் புடிங்கப்பா.”

குழந்தை மடிக்கு வந்தது. இப்படி ஒரு லேசான கனத்தை அவர் கை அறிந்ததில்லை. மருந்து பட்டு வெடித்திருந்த அவர் கட்டைவிரலைப் பேத்தி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது அவருக்கு.

ஷாமினி அடுப்படிக்குப் போனாள். ஆறிக்கொண்டிருந்த பானையைப் பார்த்தாள். மூடியோடு அதை ஓரமாக நகர்த்தினாள். ஒரு போத்தலைத் திறந்து பாலுக்குத் தண்ணீர் சுட வைத்தாள். மிச்சத்தை ஒரு கிளாசில் ஊற்றிக்கொண்டு வந்து அப்பாவின் பக்கத்தில் வைத்தாள்.

பேத்தி விரலை விடவில்லை. அவர் கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார்.