மெட்டிகுலஸ் என்று மேனேஜர் சொன்னது

பிரௌசிங் சென்டரை மூடுவதற்குள் எழுதிவிடுகிறேன். இன்று பஸ்ஸில் நான் விளக்கியவை:

1. ‘மெட்டிகுலஸ்’ என்ற சொல்லின் மூலம்
2. அதன் பொருள்
3. அதன் எதிர்ச்சொல்

மஞ்சக்குட்டை பஸ்ஸில் பக்கத்து இருக்கை அம்மாள் கேட்டார். “ஏனுங்க வாத்தியாரய்யா, எம்புள்ளைய எஸ்டேட் மேனேஜரு மெட்டிகுலஸ்னு சொல்லிப்போட்டாரு. திட்டுங்களா?”

ஜன்னலோரம் மகள் இருந்தாள். காப்பிக்கொட்டை தரம் பிரிக்கும் வேலை.

எதையும் மூலத்திலிருந்து தொடங்குவது என் வழக்கம். “லத்தீனில் பயம் என்ற சொல்லிலிருந்து வந்ததம்மா” என்றேன்.

“பயந்தாங்கொள்ளின்னா சொன்னாரு? நாளைலிருந்து நீ போவேண்டாம் கண்ணு!”

ஒரு பெண்ணின் வேலையைக் கெடுத்துவிட்டேனா?

“இல்லையம்மா, இப்போது அது பாராட்டு. சின்னப் பிழையையும் விடாதவர் என்று பொருள்.”

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எடுத்த வரிசையை முடிக்காமல் என்னால் இருக்க முடியவில்லை. “மூலத்தைப் பார்த்தால், எதிர்ச்சொல் தைரியசாலி” என்று சேர்த்தேன்.

“கேட்டியா?” என்றார் அம்மாள்.

மகள் திரும்பினாள். “அம்மா, மேனேஜரு நல்லாருக்குதுன்னு ஒதுக்குன மூட்டையிலயே பூச்சிக்கொட்டை கெடக்குதுன்னு அவரு மூஞ்சிக்கு நேரா சொன்னேன். பொறுக்கியும் காட்டுனேன். அதுக்குத்தான் அப்படிச் சொன்னாரு. நாளைக்கு நான் போவேன்.”

அடுத்த வளைவில் அம்மாள் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு, “சோறு நேரமே கட்டிக் குடுத்தர்றேன்” என்றார்.

என் மூன்றாவது விளக்கம் தவறு. சரியான எதிர்ச்சொல் தெரிந்தவர்கள் பின்னூட்டத்தில் எழுதுங்கள். பஸ்ஸில் மட்டும் யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்.