மங்களேஸ்வரி மிஸ்ஸியின் சனிக்கிழமை வகுப்பு

போன செவ்வாய்க்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸிலிருந்து மங்களேஸ்வரி மிஸ்ஸியின் அண்ணன் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "மாமி நித்திரையிலயே போயிட்டா, டீச்சர்" என்றாள். தகனத்துக்கு மிகச் சிலரே வந்திருந்தோம். கிள்ளானில் அவரிடம் கற்றுக்கொண்ட தாய்மார்களில் இரண்டு பேரைத்தான் அங்கே பார்த்தேன். மற்றவர்களுக்குச் செய்தி எட்டியிருக்காது என்பதால் இதை எழுதுகிறேன்.

அரசாங்கக் கிளினிக்கில் தாதியாக இருந்தவர்; தாதியை இங்கே மிஸ்ஸி என்போம். எழுபதுகளின் கடைசியில், கிள்ளானில் நான் கற்பித்த தமிழ்ப்பள்ளிக்கு வந்து, சனிக்கிழமை காலையில் ஒரு வகுப்பறை கிடைக்குமா என்று கேட்டார். தாய்ப்பால் கொடுப்பதை வாயால் சொன்னால் வராது, பிள்ளை பிறக்கும் முன்பே கையால் செய்து பழக வேண்டும் என்றார். "புத்தகத்தில படிச்சுச் சைக்கிள் ஓட ஏலுமோ, டீச்சர்?" தலைமையாசிரியரிடம் பேசிச் சாவி வாங்கியது நான்தான்.

பாசாரில் வாங்கிய பிளாஸ்டிக் பொம்மையின் வாயைப் பிளேடால் கீறித் திறந்தார். எடைக்காக உள்ளே மணல் நிரப்பினார். பழுப்பு நிறக் காலுறையில் பஞ்சு அடைத்து ஒரு மார்பு தைத்தோம். பால் பீய்ச்சிப் பழகுவதற்கு இன்னொன்று. அதற்குள் தண்ணீர் நிரப்பிய ரப்பர் கையுறை, அதன் விரல் நுனியில் ஊசித் துளைகள். நிறைமாதப் பெண்கள் ஒன்றாம் வகுப்புப் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து இவற்றை மடியில் வாங்கிக்கொள்வார்கள்.

"மிஸ்ஸி, இது அழவே மாட்டேங்குது. எங்க வீட்டுக்காரரவிட நல்ல புள்ள லா!" என்பாள் ஒருத்தி.

"பொறு பிள்ளை, உன்ர வரட்டும். அப்ப சிரி பாப்பம்" என்பார் மிஸ்ஸி. சிரிப்பு அடங்கியதும் ஒவ்வொருத்தியின் முழங்கையையும் தொட்டுத் திருத்துவார். "பிள்ளைய மார்புக்குக் கொண்டு வாங்கோ. மார்பைப் பிள்ளையிட்டக் கொண்டு போகாதேங்கோ."

லெட்சுமி தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவள். அது அவளுக்கு முதல் பிள்ளை. அவள் அக்காவின் குழந்தைக்கு டின் பால் ஒத்துக்கொள்ளாமல் பட்ட பாட்டைக் கண்டவள், தன் பிள்ளைக்குத் தாய்ப்பால்தான் என்று உறுதியாக இருந்தாள். இரண்டு மாத விடுப்பு முடிந்து வேலைக்குப் போகவேண்டும் என்பதால், பீய்ச்சுவதை அவளைப்போல் பழகியவர்கள் இல்லை. காம்பை இழுக்காமல், கருவளையத்துக்குப் பின்னால் விரல் வைத்து அவள் அமுக்கினால் தண்ணீர் நேராகக் கிண்ணத்தில் விழும். மகன் பிறந்தான், நன்றாகக் குடித்தான்.

வேலைக்குத் திரும்பிய இரண்டாம் வாரம் பால் கசிந்து நனைந்த சட்டையோடு வகுப்புக்கு வந்தாள். தொழிற்சாலையில் கழிவறைக்குப் போக, ஒரு வேலை வரிசைக்கு ஒரே அனுமதி அட்டைதானாம். கழுத்தில் மாட்டிக்கொண்டு போய், அடுத்தவள் கேட்பதற்குள் திரும்பவேண்டும். "பீய்ச்சறேன் மிஸ்ஸி. வெக்க எடமில்ல. சிங்க்லதான் ஊத்தறேன். இப்ப அதுவும் கொறைஞ்சு போச்சு."

மிஸ்ஸி திங்கட்கிழமையே பஸ் ஏறித் தொழிற்சாலைக்குப் போனார். பள்ளி விட்டதும் நானும் கூடப் போனேன். இன்னொரு அட்டை, திரை போட்ட ஒரு மூலை, இவ்வளவுதான் கேட்டார். அதிகாரி எங்களை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். "ஒருத்திக்குக் கொடுத்தா எல்லாரும் கேப்பாங்க, மிஸ்ஸி. முடியலன்னா வேலைய விட்டுட்டு வீட்ல இருக்கச் சொல்லுங்க" என்றார்.  திரும்பி வந்து பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மிஸ்ஸி சொன்னார்: "கை வேலையைச் சொல்லிக் குடுத்தன், டீச்சர். நேரத்தை எங்கயிருந்து எடுத்துக் குடுப்பன்?"

பால் வற்றியது. பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டம்மா டின் பாலைக் கரைத்துக் கொடுத்தார். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் பிள்ளை இறந்துபோனான்.

துக்க வீட்டில் லெட்சுமி மிஸ்ஸியின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துக் காற்றில் அமுக்கிக் காட்டினாள். "இப்படித்தானே மிஸ்ஸி சொன்னீங்க? நான் எங்க தப்புப் பண்ணேன்?"

விரல்கள் மிகச் சரியாக இருந்தன. "நீ ஒரு பிழையும் விடேல்லை, பிள்ளை" என்றார் மிஸ்ஸி. 

அடுத்த சனிக்கிழமையும் வகுப்பு நடந்தது. ஆனால் பொம்மையை எடுக்குமுன் ஒவ்வொருத்தியிடமும், "எங்க வேலை? எப்ப திரும்பவேணும்?" என்று கேட்கத் தொடங்கினார். பதிலைக் கேட்டபின், எத்தனை நாள் தாய்ப்பால் கொடுக்க முடியும் என்பதை ஒளிக்காமல் சொன்னார். அது பலருக்குப் பிடிக்கவில்லை. வருகிறவர்கள் குறைந்தார்கள். எண்பதுகளின் நடுவில் வகுப்பு நின்றது. அந்தத் தொழிற்சாலையில் அட்டை ஒன்றாகவே இருந்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

மிஸ்ஸியிடமிருந்து என்னிடம் நம்பிக்கை எதுவும் மிஞ்சவில்லை. மிஞ்சியது ஒரு பழக்கம். அதற்குமுன், வீட்டுப்பாடம் எழுதாமல் வரும் மாணவரின் தாயை அழைத்து, "பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கக்கூடாதா?" என்று எளிதாகக் கடிந்துகொள்வேன். பிறகு ஓய்வு பெறும்வரை, "எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவீங்க, அம்மா?" என்றுதான் முதலில் கேட்டேன். நேரத்தைச் சொல்லும்போதே பல தாய்மார்கள் அழுதார்கள். அவர்களுக்குக் கொடுக்க என்னிடமும் நேரம் இருந்ததில்லை.