"போறன்" என்று சொன்ன பின்னேரம்

கொட்டிலுக்குள் சன்னல் கிடையாது. வெளிச்சம் கீழேயிருந்துதான் வந்தது.

உறைந்த ஏரியின் மேல் பலகையால் அடித்து நிறுத்திய மீன்பிடிக் கொட்டில் அது. தரையில் சதுரமாக ஒரு திறப்பு, அதற்கு நேர்கீழே பனிக்கட்டியில் குடைந்த துளை, துளைக்குள் தண்ணீர். வெளியே அடித்த வெயில் பனிக்கட்டிக்குள் இறங்கி, அந்தத் துளை வழியாகப் பச்சையாகத் திரும்பி வந்தது. கதவைச் சாத்தியதும் என் கணவருக்கும் நான்கு வயது மகளுக்கும் மோவாயில் வெளிச்சமும் கண்களில் இருட்டுமாக இருந்தது. தெரிந்த முகங்கள்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

கணவர் சென்ட் லோரன்ட்டில் ஒரு பண்டகசாலையில் வேலை செய்கிறார். அங்கே அவரோடு வேலை செய்பவர் தன் கொட்டிலை அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குத் தந்திருந்தார். ரொக்ஸ்பரோவைத் தாண்டி, ஆறு அகன்று ஏரியாகும் இடம். ஐஸ் உடைந்துவிடும் என்று நான் பயப்படவில்லை. அதன் மேல் கார்கள் ஓடின. நான் பயந்தது அடுப்புக்கு. மூலையில், கைப்பெட்டி அளவு இரும்பு விறகடுப்பு ஒன்று, கூரையைத் துளைத்துப் போகும் குழாயோடு நின்றது. நான் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். காற்றோட்டம் இல்லாத நெருப்பு என்ன வாயுவைத் தரும், அதற்கு நிறமில்லை, மணமில்லை, அது முதலில் சின்ன உடம்பைத்தான் பிடிக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நோத்ர-டாம்-த-கிரேஸில் எங்கள் வீட்டுக் கூரையிலிருக்கும் எச்சரிக்கைக் கருவியை அடிக்கடி அமத்திப் பார்ப்பேன்.

"அந்த மெஷினோட கதைக்கிற அளவுக்கு நீர் என்னோட கதைக்கிறேல்லை" என்பார் கணவர்.

அன்றும் உள்ளே போனவுடன் காற்று வரும் வழியைத்தான் கேட்டேன். அவர் சிரிக்காமல் காட்டினார். கதவோரம் கணுக்கால் உயரத்தில் ஒரு ஓட்டை, கூரைக்குக் கீழே இன்னொன்று. இரண்டிலும் கையை வைத்துப் பார்த்தேன். குளிர் குத்தியது. "சரியோ, இன்ஸ்பெக்டர்?" என்றார். சரி என்றேன்.

விறகு பிடித்ததும் கொட்டில் சட்டென்று சூடாகியது. மகளின் தொப்பியைக் கழற்றி, காதில் குளிர் அடிக்குமோ என்று திரும்பப் போட்டு, வியர்க்குதே என்று மறுபடி கழற்றினேன். தேத்தண்ணிக்கு வைத்த கேத்தில் கொதித்தது. பலகைகளுக்கு வெளியே காற்று திசை மாறி ஊளையிடத் தொடங்கியது. கீழே ஐஸ் ஒலி எழுப்பியது. விரிசல் விடும் சத்தமல்ல அது. நீளமான கம்பியை மிகத் தூரத்தில் யாரோ இழுத்துவிட்டதுபோல, அடிவயிற்றில் கேட்கும் ஒரு முனகல். அது எங்கள் காலடியைக் கடந்து கரைப்பக்கம் போய்த் தேய்ந்தது.

மகள் திறப்பின் ஓரத்தில் குப்புறப் படுத்துக்கொண்டாள்.

"அம்மா, ஆர் அங்க கதைக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை, குஞ்சு. ஐஸ் விரியிற சத்தம்."

"மே நோ, இல்லவே இல்லை," என்றாள், பகலில் அவளை விடும் பிரெஞ்சுக் காப்பகமான கார்டெரியில் பழகிய அலட்சியத்தோடு. "இவை கதைக்கினம்."

"மீனுகள்தான். பிரெஞ்சில கதைக்குதோ தமிழிலயோ?" என்றார் கணவர்.

அவள் காதைத் தண்ணீருக்கு இன்னும் கிட்டக் கொண்டுபோனாள். "தமிழில."

நாங்கள் இருவரும் சிரித்தோம். நான் அவளுடைய காற்சட்டைப் பட்டியைப் பிடித்துப் பின்னால் இழுத்து வைத்தேன்.

இதற்குமேல் நடந்ததைச் சொல்லுமுன், எங்கள் வீட்டில் ஓயாமல் நடக்கும் ஒரு சண்டையைச் சொல்ல வேண்டும். காலையில் கார்டெரி வாசலில் மகள் "அம்மா, போறன்" என்பாள். "போறன் எண்டு சொல்லக்கூடாது. போட்டு வாறன் எண்டு சொல்லோணும்" என்று நான் திருத்துவேன். நான் வளர்ந்த வீட்டில் யாராவது வாய்தவறிப் "போறன்" என்று படியிறங்கினால், திருப்பிக் கூப்பிட்டு, இருத்தி, தண்ணீர் குடிக்கக் கொடுத்து, மறுபடி சொல்லவைத்துத்தான் அனுப்புவார்கள். போறன் என்றால் போவது மட்டும்தான். திரும்பி வருவது அந்தச் சொல்லில் இல்லை. "நான் இப்ப போறன்தானே, பேந்துதானே வாறன்?" என்று அவள் கேட்பாள். நான் அவளுடைய பையைத் தோளில் மாட்டிவிட்டு, மறுபடி சொல்லவைப்பேன். கணவருக்கோ பகிடி. "திரும்பி வாறன் எண்டு சத்தியம் பண்ண, பிள்ளை என்ன விசா எடுக்கிறாளோ?"

கொட்டிலில் எனக்குத் தலையிடி தொடங்கி, நெற்றி வலித்தது. காலையில் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று நினைத்தேன். அடுப்பின் கண்ணாடிக்குள் நெருப்பு மஞ்சளாக, சோம்பலாக ஆடியது. விறகு ஈரம் என்று நினைத்தேன். கணவர் தூண்டில் கம்பைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்திருந்தார். பகிடி நின்றுபோயிருந்தது. அதுவும் ஆறுதலாகத்தான் இருந்தது. யாருக்கும் குளிரவில்லை. நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. பச்சை வெளிச்சம் பலகைகளில் அசைந்தது. இன்னொரு முனகல் கீழே கடந்துபோனது.

மகள் தலையை உயர்த்தாமல், என்னைப் பார்க்காமல், தெளிவாகச் சொன்னாள்:

"அம்மா, போறன்."

எனக்கு அப்போது வாயு நினைவுக்கு வரவில்லை. படித்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. திருப்பிக் கூப்பிட வேண்டும், இருத்த வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் வந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் அசையவில்லை. தூக்கினேன். கை கால்கள் நனைந்த துணிபோல் தொங்கின. கன்னங்கள் மட்டும் நல்ல சிவப்பு.

"கதவைத் திறவுங்கோ!"

"என்னப்பா?" என்றார் அவர், நித்திரையிலிருந்து எழும்பினவரைப்போல. எழுந்தவரின் முழங்கால் மடிந்தது. கதவு அசையவில்லை. இருவரும் தோளால் இடித்தோம். வெளியே குவிந்திருந்த பனி மெல்ல வழிவிட்டது.

வெளிச்சம் கண்ணை அறைந்தது. சாமான் ஏற்றிவந்த சறுக்குவண்டியில் அவளை இருத்தி, என்மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, போத்தல் தண்ணீரால் உதட்டை நனைத்தேன். அவள் இருமினாள். பிறகு என் மடியில் சத்தி எடுத்தாள். பிறகு அழுதாள். அந்த அழுகையைப்போல் நல்ல சத்தம் ஒன்றை நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். திசை மாறிய காற்று கதவோரமெல்லாம் பனியை ஒதுக்கி, கீழ் ஓட்டையை மூடியிருந்தது. மேல் ஓட்டையில், எங்கள் மூச்சும் கேத்தில் ஆவியும் படிந்து, வெள்ளையாக உறைந்திருந்தது. பக்கத்துக் கொட்டில்காரர்கள் ஓடிவந்து அம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் மூவருக்கும் முகமூடி வழியாக ஒட்சிசன் தந்தார்கள். வாயு என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று டொக்டர் கேட்டார். தலையிடி என்றேன். வேறெப்படிச் சொல்வது?

மகள் நித்திரையான பின் கணவரிடம் அந்தச் சொல்லைப் பற்றிச் சொன்னேன். மயக்கத்தில் நித்திரைக்குப் போகிறேன் என்று சொல்ல வந்திருப்பாள் என்றார். நானும் அதைத்தான் யோசித்திருந்தேன். அந்த வாயு மூளையைக் குழப்பும், இல்லாத குரல்களைக் கேட்க வைக்கும். அதோடு எனக்கு இன்னுமொரு ஆறுதல் இருந்தது. கீழே யாரோ கூப்பிட்டு அதற்கு அவள் பதில் சொல்லியிருந்தால், "வாறன்" என்றுதான் சொல்லியிருப்பாள். கூப்பிட்டவருக்கு யாரும் போறன் என்று சொல்வதில்லை. அப்படியென்றால் அவள் என்னோடுதான் கதைத்திருக்கிறாள்.

அவர் முகமூடியைக் கழற்றினார்.

"வாறன் எண்டும் சொன்னவள்" என்றார். "கொஞ்சம் முதல். தண்ணியைப் பார்த்துக்கொண்டு. நீர் சாப்பிடக் கூப்பிட்டனீர், அதுக்குச் சொல்லுறாள் எண்டு நான் நினைச்சன்."

"நான் கூப்பிடேல்லை."

"கூப்பிட்டிருப்பீர். எங்கள் ரெண்டு பேருக்கும்தான் தலை சரியில்லையே."

இருக்கலாம். அந்தப் பிற்பகலில் எதை நினைவு என்று நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை. மகளிடம் கேட்கவும் எனக்குத் துணிவு வரவில்லை. அவள் நன்றாக இருக்கிறாள். கார்டெரி வாசலில் பழையபடி சண்டை பிடிக்கிறாள்.

ஆனால் சமையலறையில் நிற்கும்போது உள்ளறையிலிருந்து "வாறன்" என்று அவள் குரல் கேட்டால், நான் கையிலிருப்பதை அப்படியே வைத்துவிடுகிறேன். அவளைக் கூப்பிட்டது நான்தானா என்று ஒருமுறை யோசித்துவிட்டு, ஓடுகிறேன்.