நார்மல் கலர்

திருமங்கலத்தில் நாங்கள் போகும் ஸ்டுடியோவில் 'நார்மல்' என்றால் நம்முடைய நிறம் இல்லை. அதை இரண்டு மூன்று படி வெளுத்து எடுத்தால் அதுதான் நார்மல். உள்ளது உள்ளபடி வேண்டுமென்றால் தனியாகச் சொல்ல வேண்டும். யாரும் சொல்வதில்லை.

என் மகள் கறுப்பு. நானும்தான். எங்கள் வீட்டார் எழுமலைப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். வெயிலில் கறுத்த குடும்பம் என்று சொல்லிக்கொள்வேன். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து இத்தனை வருஷம் உத்தியோகம் பார்த்தும் வெளுத்தபாடில்லை.

நுழைவுத் தேர்வுக்காகப் போட்டோ எடுக்கப் போயிருந்தோம்.

"நார்மலாப் போட்டுறவாக்கா?" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"போடுங்க தம்பி."

மவுஸை இழுத்தார். திரையில் வேறு யாரோ ஒரு பெண் வந்து நின்றாள்.

"அது நான் இல்லம்மா" என்றாள் மகள்.

"எல்லாரும் இப்பிடித்தான்டி எடுக்குறாக. பேசாம இரு."

படம் எனக்குப் பிடித்திருந்தது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

தேர்வு மதுரைக்கு வெளியே ஒரு கல்லூரியில். வாசலில் மேஜை போட்டுக் கேமரா வைத்திருந்தார்கள். அதில் முகத்தைக் காட்ட வேண்டும். விண்ணப்பத்தில் உள்ள போட்டோவோடு ஒத்துப்போனால் பச்சை விளக்கு எரியும், உள்ளே விடுவார்கள். அவளுக்குச் சிவப்பு எரிந்தது. கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள், முடியை ஒதுக்கச் சொன்னார்கள். அப்போதும் சிவப்புதான். பின்னால் வந்த பிள்ளைகள் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். கேட்டை அடைக்கும் நேரம் நெருங்கிவிட்டது.

"இது நீதானா?" என்று ஒருவர் போட்டோவைக் காட்டிக் கேட்டார். ராவும் பகலும் படித்துவிட்டு வந்தவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

பெற்றோரை நிறுத்தக் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன். படம்தான் பொய் என்று கத்தியிருக்கலாம். கத்தினால் ஆள்மாறாட்டம் என்று விரட்டிவிடுவார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அலுவலரம்மா நல்ல மனசுக்காரர். "மெஷின் என்னம்மா பண்ணும்? பவுடர் கிவுடர் இருந்தா லேசாப் போட்டுட்டு வா, எடுத்துக்கும்" என்றார்.

என் கைப்பையில் பவுடர் இருந்தது. எப்போதும் இருக்கும். மகள் கயிற்றருகே வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நீட்டினாள். பால்வாடிக்கு அனுப்பிய நாளிலிருந்து நான் பழக்கிவிட்டது. கழுத்து வரைக்கும் பூசினேன்.

பச்சை எரிந்தது. ஓடிப் போனவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான். பார்த்திருந்தால், நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவளைப் பார்ப்பது?