யாஹ்யாவின் ஹெல்மெட்

கோட்டக்குப்பம் யாஹ்யா பதினாறு வருடம் துபாயில் கட்டுமானப் பணியிடப் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர். தன் மேற்பார்வையில் ஒருவருக்கும் மண்டை உடைந்ததில்லை என்பதில் அவருக்கு ஏகப் பெருமை. ஊர் திரும்பியதும் மயிலம் சாலையில் எழும்பிக்கொண்டிருந்த கல்லூரி விடுதியில் அதே வேலைக்குச் சேர்ந்தார். முதல் நாளே எல்லோருக்கும் ஹெல்மெட் கொடுத்தார். ஆண்கள் மாட்டிக்கொண்டார்கள். கலவை சுமக்கும் சித்தாள் பெண்கள் மட்டும் அதை ஓரமாக வைத்துவிட்டு, எப்போதும்போல் துணியைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டார்கள்.

"இன்னாம்மா, உசுரு மேல ஆசையில்லையா?" என்று கத்தினார்.

"ஹெல்மெட் மேல சட்டி நிக்காது பாய்," என்றாள் ஒலக்கூர் பாஞ்சாலி. "துபாய்ல பொம்பளைங்க எப்படித் தூக்கிக்கினு போனாங்க?"

துபாயில் யாரும் தலையில் தூக்கவில்லை, கிரேன்தான் தூக்கியது. அதை ஒப்புக்கொள்ள மனம் வராமல், "நிக்கும், நான் காட்றேன்" என்று குனிந்து, தன் ஹெல்மெட் மேல் கலவைச் சட்டியை ஏற்றச் சொன்னார். நாலாவது எட்டில் சட்டி வழுக்கி வலது தோளில் இறங்கியது.

மறுநாள் தோளில் கட்டோடு வந்து விபத்துப் பதிவேட்டைத் திறந்தார். முதல் பக்கம் வெள்ளையாக இருந்தது. காயம்பட்டவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். காரணம் என்ற இடத்தில் சற்றுத் தயங்கிவிட்டு, இடது கையால் கோணல்மாணலாக எழுதினார்: 'தலையில் ஹெல்மெட் இருந்தது.'