கல்யாண உரல்கள் காக்கும் தெரு

1937 வைகாசி, சனிக்கிழமை, காலை ஏழு மணி. புதுச்சேரியில் பாகூர் பஸ் ஏறினோம். நான், என் மனைவி தனம், ஆறு வயது மகள் கமலா. ஆளுக்கு நாலணா, மடியில் உட்காரும் குழந்தைக்குக் கட்டணமில்லை. தனத்தின் சின்னம்மா மகள் அஞ்சலையைப் பார்க்கப் போகிறோம். போன தை மாதம், அவளுடைய ஐந்து வயதுப் பையன் முருகன்மேல் இந்த வழியில் ஓடும் பஸ் ஒன்று மோதிவிட்டது. கால் முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது என்று தகவல் வந்தது. அதற்கப்புறம் ஒன்றும் தெரியவில்லை.

எனக்கும் வண்டிகளுக்கும் ஏற்கெனவே ஆகாது. சென்னையில் நாங்கள் குடியிருக்கும் சந்து, இரண்டு பெரிய வீதிகளுக்குக் குறுக்கு வழி. ஜட்காவும் மோட்டாரும் எங்கள் வாசற்படியை உரசிக்கொண்டு பறக்கும். கமலாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுத் திரும்புவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வரும்.

அரியாங்குப்பம் தாண்டியதும் எங்கள் டிரைவர், சாலை தன் மாமனார் கொடுத்த சீதனம் என்பதுபோல ஓட்டத் தொடங்கினார். தவளக்குப்பத்தில் மணப்பட்டுப் பெண்கள் தலையில் மீன்கூடையோடு வரிசையாக எதிரே வந்தார்கள். ஊதல் அலறியது. அத்தனை பேரும் முள்ளுக்குள் இறங்கி ஒதுங்கினார்கள். ஒருத்தி மட்டும் திரும்பிக் கத்தினாள்.

"கண்ணு இன்னா பொடனியிலயா கீது?"

"கொஞ்சம் மெல்லப் போகக் கூடாதா ஐயா?" என்றேன்.

"மெல்லப் போவணும்னா மாட்டுவண்டி கீதே சார்" என்றார் டிரைவர்.

நடுவில் பிரிட்டிஷ் எல்லை குறுக்கிட்டது. சுங்கச் சேவகர் எங்கள் மூட்டையை அவிழ்த்து, கமலாவின் மரப்பாச்சியைக்கூடத் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். மறுபடி பிரெஞ்சு மண். கடலூர் சாலையை விட்டு மேற்கே திரும்பியதும் இரண்டு பக்கமும் கரும்பு. பாகூருக்கு ஒரு மைல் இருக்கும்போது அஞ்சலையின் ஊர் வந்தது. ஊர்ப் பெயரை எழுதிவிடாதீர்கள் என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். காரணம் உங்களுக்கே புரியும்.

அதுவரை காற்றாகப் பறந்த பஸ், ஊர்த் தெருவின் முனையில் முனகிக்கொண்டு நின்றது. எட்டிப் பார்த்தேன். தெருவில் கல் உரல்கள். வலப்பக்கம் ஒன்று, சற்றுத் தள்ளி இடப்பக்கம் ஒன்று, இப்படியே கோடிவரை. டிரைவர் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டு, அவற்றுக்கிடையே வளைந்து வளைந்து போனார். பக்கத்தில் நடந்துவந்த ஒரு கிழவர் எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். உரல்களுக்கு நடுவே பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸைப் பார்த்து ஒருவரும் பதறவில்லை. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

அஞ்சலை வாசலிலேயே நின்றாள். முருகன் ஓடிவந்தான். ஓடினான் என்பது அவன் நினைப்பு. இடது கால் எலும்பு வளைந்தபடியே கூடியிருந்தது, ஒவ்வொரு அடிக்கும் உடம்பு சாய்ந்தது. தனம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாகூருல நெல்லு மிஷினு வந்தப்புறம் உரலு சும்மாதான மாமா கெடக்குது" என்றாள் அஞ்சலை. "மொதல்ல எங்க உரலை உருட்டியாந்து போட்டேன். தெருக்காரங்க திட்டுனாங்க. அப்பறம் வூட்டுக்கு வூடு கொண்டாந்து போட்டாங்க."

பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரி சேதி கொண்டுவந்தாள். பஸ் முதலாளி, பிரெஞ்சுக்காரர் பஞ்சாயத்தான கொம்யூன் ஆபீசில் முறையிட்டிருக்கிறாராம். அதன் தலைவர் மேர் உத்தரவு போட்டுவிட்டாராம். சாயங்காலம் ஆள் வந்து உரல்களைப் பெயர்த்துக்கொண்டு போகப்போகிறார்கள்.

அஞ்சலை, இரண்டு வயது மகள் வள்ளியை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். "இவ இப்பத்தான் ஓட ஆரம்பிச்சுகீறா. உரலை எடுத்துட்டா இவளத் தூணுலதான் கட்டிப்போடணும்."

வள்ளியைத் தனத்திடம் கொடுத்துவிட்டுத் திடீரென்று எழுந்து மஞ்சள் அரைக்க உட்கார்ந்தாள்.

இந்தப் பக்கத்தில் கல்யாணம் என்றால், முதலில் ஓர் உரலுக்கு மஞ்சள் பூசி, மாவிலை வைத்துக் காப்புக் கட்டுவார்கள். தாலி ஏறிக் காப்பு அவிழ்க்கும்வரை அந்த உரலை யாரும் அசைக்க மாட்டார்கள். அசைத்தால் கல்யாணத்துக்கு ஆகாது என்று பயம். மூன்று மணிக்குள் தெருப் பெண்கள் எல்லா உரலுக்கும் காப்புக் கட்டி முடித்தார்கள். அவசரத்தில் செய்த பிழை அது.

நாலு மணிக்குக் கொம்யூன் சேவகர், கடப்பாரையோடு இரண்டு ஆட்களை அழைத்துக்கொண்டு வந்தார். முதல் உரலைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார். இரண்டாவதைப் பார்த்தார். மூன்றாவதைப் பார்த்ததும் மீசைக்குள் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னாம்மா இது? ஒரு கண்ணாலத்துக்கு ஒரு உரலுக்குத்தான காப்பு?"



"மாப்ள வூடு பெரிய வூடுங்க" என்றாள் அஞ்சலை, கண் இமைக்காமல். "பட்டணத்துலேருந்து ஒறமொறையே வந்தாச்சு. கேட்டுப்பாருங்க."

சேவகர் என் பக்கம் திரும்பினார். "அப்படியா சார்?"

அந்த நேரம் பார்த்து முருகன் சாய்ந்து சாய்ந்து வந்து, மஞ்சள் ஈரம் காயாத உரல்மேல் உட்கார்ந்தான். காலைத் தொங்கவிட்டு ஆட்டினான். சேவகர் அந்தக் காலையே பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"ஆமாம் ஐயா, கல்யாணத்துக்குத்தான் வந்திருக்கிறோம்" என்றேன். பொய் சொல்லி இவ்வளவு சந்தோஷப்பட்டது எனக்கு அதுவே முதல் தடவை.

அவர் ஆட்களைத் திரும்பச் சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டு, "கண்ணாலம் நடக்குதுன்னு மேருகிட்ட சொல்லிடறேன். எப்பம்மா முடியும்?" என்றார்.

அஞ்சலை தெருவைப் பார்த்தாள். முருகன், வள்ளி, என் கமலா, இன்னும் பெயர் தெரியாத பத்துப் பிள்ளைகள்.

"இதுங்களுக்கெல்லாம் கட்டிவெச்சு முடிக்கணும் இல்லீங்களா?"

சேவகர் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அதே பஸ்ஸில் திரும்பினோம். அதே டிரைவர். உரல்களுக்கிடையே வளையும்போது முருகன் குறுக்கே நடந்தான், அவனுடைய வேகத்தில். டிரைவர் பஸ்ஸை நிறுத்திக் காத்திருந்தார், ஊதலில் கை வைக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சென்னை வந்து சேர்ந்தோம். எங்கள் சந்து முனையில் 'மெல்லச் செல்க' என்று ஒரு பலகை இருக்கிறது; குதிரைகளுக்குப் படிக்கத் தெரியாது, ஓட்டுகிறவர்களுக்கு நேரமில்லை. மறுநாள் காலை, பின்கட்டில் கிடந்த உரலை நானும் தனமும் உருட்டி, வாசலுக்கு எதிரே தெருவில் நிறுத்தினோம். தனம் மஞ்சள் பூசினாள்.

முதலில் வந்த ஜட்காக்காரன் கடிவாளத்தை இழுத்துப் பிடித்து, "எவன்டா நடுத்தெருவுல உரலைப் போட்டது?" என்று கத்தினான்.

நான் வாய் திறப்பதற்குள் கமலா என் விரலை விட்டுவிட்டு உரலருகே போய் நின்றாள்.

"எங்க தெருவுல கல்யாணம்" என்றாள். "மெல்லப் போங்க."