குடைமிளகாய் நாற்றுக்குப் போட்ட சாக்கு

இரவு ஷிப்ட் வாரங்களில் என் கணவர் காலையில் வந்து படுத்தால் பிற்பகல்வரை எழ மாட்டார். ஓர் அறையும் சமையலறையும் மட்டுமே இருந்த வாடகை வீடு. குழந்தை டம்ளரைத் தட்டினாலும் புரண்டு படுப்பார். அதனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விடுவேன்.

நாங்கள் ஓசூருக்கு வந்த புதிது. கோவில்பட்டிப் பக்கத்தில் வளர்ந்த எனக்கு அந்தத் தெருவின் தமிழே வேறாகக் கேட்டது. பாதி வீடுகளில் கன்னடம், மீதியில் தெலுங்கு. கடையில் சாமான் பெயர் சொல்வதையும் குழந்தையைக் கொஞ்சுவதையும் தவிர வாயைத் திறக்காமலே நாட்கள் போயின. பட்டப்படிப்பு படித்தவளுக்குப் பேச ஓர் ஆள் வேண்டும் என்பதுதான் பெரிய ஆசையாக இருந்தது. அதை வெளியே சொல்லவும் கூச்சம்.

குடைமிளகாயை நான் கல்யாணத்துக்கு முன் சமைத்ததில்லை. இங்கே கத்திரிக்காய்போல மலிவாகக் கிடைத்தது. ஒரு முறை கூடையின் அடியில் ஒன்று மறந்துபோய்க் கிடந்து, சிவந்து, தோல் சுருங்கிவிட்டது. தூக்கி எறிய மனமில்லாமல் விதைகளை உதறி நிழலில் காயவைத்தேன். பாதியை மாத்திரை டப்பாவில் போட்டுவிட்டு, மீதியைப் பின்சுவர் ஓரமாக மண்ணைக் கொத்தித் தூவினேன். முளைக்காது என்றுதான் நினைத்தேன். பழைய காயின் விதை, தெரியாத மண், என் கை. ஆனால் முளைத்தது. வளைந்த கழுத்தோடு ஒவ்வொன்றாக மேலே வந்தபோது பயம்தான் முதலில் வந்தது. வாடிவிடுமோ என்று காலையில் ஊற்றுவேன். போதவில்லையோ என்று மதியம் ஊற்றுவேன். குழந்தையைக் குளிப்பாட்ட வைத்த தண்ணீரில் மிச்சம் இருந்தால் அதையும் ஊற்றுவேன்.

அப்படி ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டினார். கன்னடக்காரர். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவராக இருக்கலாம். அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“நீரு சாக்கு. சாக்கம்மா, சாக்கு,” என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் நாற்றங்காலுக்கு வைக்கோல் போட்டு மூடுவார்கள். இங்கே நனைத்த சாக்கு போடுவார்கள்போல. உள்ளே ஓடிப்போய் அரிசிச் சாக்கை எடுத்துவந்து, தண்ணீரில் முக்கி, நாற்றுகளின்மேல் பதமாகப் போர்த்தினேன். அவருக்குத் தெரியட்டும் என்று சுவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

மாலையில் என் கணவர் பார்த்துவிட்டு, “செடிக்குங் குளுருதாக்கும்?” என்றார்.

“பக்கத்து வீட்டு அக்கா போடச் சொன்னாங்க.”

“அவுங்க ஒங்கிட்ட பேசினாங்களா?”

“பேசினாங்களே,” என்றேன். அன்று ரசம் நன்றாக வந்தது.

சாக்கு காயாமல் பார்த்துக்கொண்டேன். எடுத்துப் பார்க்கலாமா, பார்த்தால் கெட்டுவிடுமா என்று தயங்கியே நாட்கள் போயின. ஒரு காலையில் தூக்கியபோது நாற்றுகள் எல்லாம் மண்ணோடு ஒட்டிய இடத்தில் நூலாக மெலிந்து படுத்துக் கிடந்தன.

பால்காரர் வந்தபோது, அவருக்கு மூன்று பாஷையும் தெரியும் என்பதால், சாக்கை எத்தனை நாள் போட வேண்டும் என்று கேட்டேன். யார் சொன்னது என்றார். சொன்னேன்.

“ஐயோ அக்கா, அது மூட்டைச் சாக்கு இல்ல. சாக்குன்னா கன்னடத்துல போதும்னு அர்த்தம். தண்ணி போதும்னு சொல்லியிருக்காங்க.”

அதோடு விட்டிருக்கலாம். அவர் பக்கத்து வாசலைப் பார்த்து உரக்கக் கன்னடத்தில் சொன்னார். அந்த அம்மா வெளியே வந்து, இடுப்பில் கை வைத்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு என்னவோ நீளமாகச் சொன்னார்.

“ஒண்ணுமில்லக்கா,” என்றார் பால்காரர். “உங்க தண்ணி செவுத்துக்கு அடியில போயி அவங்க துவைக்கிற கல்லுகிட்ட சேறாவுதாம். பசங்க யூனிபார்ம தெனமும் ரெண்டாந்தரம் அலசுறாங்களாம்.”

நாற்று செத்ததுகூட அவ்வளவு வலிக்கவில்லை. எனக்கு யோசனை சொன்னார் என்று நினைத்திருந்தேன். அது புகார். புகார் சொன்னவரைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறேன். போய் மன்னிப்புக் கேட்கலாமா, கேட்டால் அதையும் வேறு எதுவாகவாவது எடுத்துக்கொள்வாரா என்று யோசித்தே போகாமல் இருந்துவிட்டேன்.

டப்பாவில் இருந்த விதைகளைச் சுவரிலிருந்து தள்ளி விதைத்தேன். தண்ணீரை டம்ளரால் விட்டேன். துணி உலர்த்த வந்த அந்த அம்மா எட்டிப் பார்த்து, தமிழில், “சாக்கு போட்டாச்சா?” என்றார்.

“இல்லக்கா,” என்றேன்.

அதன் பிறகு தினமும் அதே கேள்வி, அதே பதில். அது கிண்டலா பிரியமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் துணி உலர்த்த வரும் நேரத்துக்குத் தலையை வாரிக்கொண்டு பின்பக்கம் போக ஆரம்பித்தேன்.

இரண்டு செடிகள் நின்றன. பூ வந்தது, பாதி உதிர்ந்தது. காய் பிடிக்கும் சமயத்தில் அந்தக் கேள்வியும் நின்றுபோனது. ஏன் என்று தெரியவில்லை. என்மேல் வருத்தமா? நான் ஏதாவது செய்தேனா? ஒரு நாள் மதியம், உள்ளே கணவர் தூங்க, குழந்தையும் தூங்கிவிட, பொறுக்க முடியாமல் ஒரு குடம் தண்ணீரைச் சுவரோரத்திலேயே கொட்டினேன். அது அடியில் நுழைந்து போவதைப் பார்த்துக்கொண்டு திட்டுக்காகக் காத்திருந்தேன். சத்தமே இல்லை.

சுவரில் காலை ஊன்றி எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் சிறு வாய்க்கால் வெட்டியிருந்தது. என் தண்ணீர் துவைக்கும் கல்லைத் தொடாமல் சுற்றிக்கொண்டு அவருடைய கறிவேப்பிலைச் செடிக்குப் போனது. அவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். இனி அவருக்கு என்னிடம் சொல்ல எதுவும் இல்லை.

“அக்கா,” என்று கூப்பிட்டேன்.

நிமிர்ந்து பார்த்தார். “ஏனு?”

என்ன என்று கேட்கிறார். அது எனக்குப் புரிந்தது. ஆனால் என்ன சொல்வதென்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை.

“காய் வந்திருக்கு.”

கையைக் கழுவிக்கொண்டு சுவரருகே வந்து பார்த்தார். “இதா? பசங்க ஆடுற சொப்பு மாதிரி இருக்குது,” என்று தமிழைத் தேடித் தேடிச் சொன்னார். நான் தலையாட்டினேன். மேலே அவருக்குத் தமிழ் வரவில்லை, எனக்குக் கன்னடம் வரவில்லை. சுவருக்கு இரு பக்கமும் நின்று காயைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அவர் வீட்டுக் குக்கர் கூப்பிடும்வரை.